பாவு தீரும் முன் நெய்!

நீ சாகப்போகிறாய்.

ஏன் முகம் சுளிக்கிறாய்? ‘விடிந்தும் விடியாமலும் இதென்ன அபசகுனமான பேச்சு’ என்கிறாயா? ‘வாயைக் கழுவு’ என்கிறாயா?

கழுவிவிட்டே சொல்கிறேன். நீ சாகப்போகிறாய். நானும்தான்! இதைப் படிக்கிற ஒவ்வொருவரும்தான்!

இதில் புதுச்செய்தி என்ன இருக்கிறது? பிறந்த அன்றைக்கே முடிவான விஷயம். இருந்தும் அந்தச் சொல்லை உன் வீட்டு நிலைப்படி தாண்ட விடமாட்டாய்.

வெளியே கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லமாட்டாய். ‘போய்ட்டு வர்றேன்’ என்பாய். செத்துப்போனார் என்று சொல்ல நாக்கு கூசும். தவறிவிட்டார், காலமானார், இறைவனடி சேர்ந்தார், சிவலோக பதவி அடைந்தார். ஒரு சொல்லை மூட எத்தனை போர்வை!

கிராமத்தில் ‘பெரிய காரியம்’ என்பார்கள். எவ்வளவு சரியான சொல்! அது பெரிய காரியம்தான்.

அந்தப் பெரிய காரியத்தை நினைக்கவே பயந்து, எத்தனை சின்னக் காரியத்தைச் செய்யாமல் விட்டாய்? கணக்கு வைத்திருக்கிறாயா?

உன் வாயில் தினமும் வருகிற சொல் வேறு. ‘அப்புறம்.’

அப்புறம் பார்க்கலாம். பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கட்டும். வீட்டுக் கடன் தீரட்டும். ரிட்டயர் ஆகட்டும். நல்ல நேரம் வரட்டும்.

அந்த ‘அப்புறம்’ உன் பெயரில் பட்டா போட்ட நிலமா? எந்த ஆபீசில் பதிந்தாய்? யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது?

என் அப்பாவின் வாயிலும் அந்தச் சொல் இருந்தது.

சென்னிமலையில் கைத்தறி நெய்தவர் அவர். பெட்ஷீட்டுக்குப் பேர்போன ஊர். எங்கள் வீட்டில் இருந்தது குழித்தறி. குழித்தறி பார்த்திருக்கிறாயா நீ?

தரையில் குழி தோண்டி, இரண்டு காலையும் அதற்குள் விட்டு உட்கார வேண்டும். கால் குழிக்குள் மிதிக்கட்டையை மிதிக்கும். கை மேலே, ஊடை நூலைக் குறுக்கே இழுத்துப் போகும் நாடாவை விரட்டும். முழங்காலுக்குக் கீழே மண்ணுக்குள் இருட்டு. மேலே வெளிச்சம், நூல், வண்ணம்!

முப்பத்தைந்து வருடம் அப்படி நெய்தார். தினமும் குழியில் இறங்கினார். தினமும் ஏறி வந்தார்.

ஒரு கார்த்திகை மாதம் நெஞ்சு வலிக்கிறது என்றார். டாக்டரிடம் போகலாம் என்றாள் அம்மா. “இந்தப் பாவு முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்” என்றார்.

தறியில் நீளவாட்டில் ஏற்றிய நூல்தான் பாவு. ஏற்றிவிட்டால் நெய்து இறக்கியாக வேண்டும். நெய்கிறவனுக்கு அதைவிடப் பெரிய சாக்கு உலகத்தில் கிடையாது.

மார்கழியில் எனக்குப் போன் செய்தார். நான் வெளியூரில் வேலையில் இருந்தேன். “ஒரு எட்டு வந்துட்டுப் போ கண்ணு” என்றார். “பொங்கலுக்கு வர்றனுங்ப்பா” என்றேன்.

பாவும் முடியவில்லை. அவருக்குப் பொங்கலும் வரவில்லை.

நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது அப்பா குளிர்பெட்டிக்குள் இருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம். கையை வைத்தேன். கண்ணாடிதான் சில்லென்று இருந்தது.

அவரும் ‘அப்புறம்’ என்றார். நானும் ‘அப்புறம்’ என்றேன். இரண்டு பேருமே ஏமாந்தோம்!

அதனால்தான் உன்னிடம் இவ்வளவு காரமாகப் பேசுகிறேன். நீயும் ஏமாந்து நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

எடு ஒரு பேனாவை. போடு கணக்கை!

எழுபது வயது வாழ்வதாக வைத்துக்கொள். மொத்தமே 25,550 நாள்தான். நாற்பதில் நிற்கிறாயா? மிச்சம் 1,560 ஞாயிற்றுக்கிழமை. போன ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்தாய்? நினைவிருக்கிறதா?

ஊரில் அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது. பொங்கலுக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கிறாய். அவள் எண்பது வரை இருந்தாலும் இன்னும் முப்பது தடவைதான் அவள் முகத்தைப் பார்ப்பாய்.

முப்பதே முப்பது! அதிலும் பாதி நேரம் உன் கண் கைபேசியில்!

எழுபது என்று உனக்கு எழுதிக் கொடுத்தது யார்? நாடு விடுதலை அடைந்த காலத்தில் ஓர் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருடம். பிறந்த குழந்தைகள் அப்படிச் செத்தன. அம்மை கொண்டுபோனது, காலரா கொண்டுபோனது, பிரசவம் கொண்டுபோனது. இன்று சராசரி எழுபதைத் தொட்டு நிற்கிறது.

உன் பாட்டனுக்குக் கிடைக்காத நாள்கள் உன் கையில் இருக்கின்றன. இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டு அரை நாள் வேலைகூடப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறாயே, இது அடுக்குமா?

‘பயமாக இருக்கிறது’ என்கிறாய். எதைக் கண்டு பயம்? எருமையில் ஏறி எங்கிருந்தோ ஒருவன் வருவான் என்றா?

கையை விரித்துப் பார்.

ஐந்து விரல். தாயின் வயிற்றில் இவை தனித்தனியாக இல்லை. துடுப்பு மாதிரி ஒரே தட்டையாக இருந்தது உன் கை. விரல்களுக்கு நடுவே இருந்த செல்கள், சாக வேண்டிய நேரத்தில் செத்தன. அதனால்தான் விரல் பிரிந்தது!

அவை சாக மறுத்திருந்தால் நீ பேனா பிடித்திருக்க முடியுமா? சோறு பிசைந்திருக்க முடியுமா? பிள்ளையின் கண்ணீரைத் துடைத்திருக்க முடியுமா?

உன் ரத்தத்தில் ஓடும் ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். நொடிக்கு இருபது லட்சத்துக்கு மேல் சாகின்றன. அதே வேகத்தில் எலும்பு மஜ்ஜையில் புதியவை பிறக்கின்றன. செத்ததில் இருந்த இரும்பைக்கூட உடம்பு வீணாக்குவதில்லை. பிரித்தெடுத்துப் புதியதற்குக் கொடுக்கிறது.

சித்திரையில் உன் உடம்பில் பிறந்த சிவப்பணு ஆவணியில் இல்லை. நீ இருக்கிறாய்!

சாவு உனக்கு அந்நியமா? நீ பிறக்கும் முன்பே உன் விரலைச் செதுக்கிய கை அது. இந்த நொடியிலும் உனக்குள் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தா நடுங்குகிறாய்?

சாக மறுத்து, நிறுத்தாமல் பெருகிக்கொண்டே போகிற செல்லுக்கு வேறு பெயர் உண்டு. புற்றுநோய்.

அந்த நோய் 1923-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கையைக் கொண்டுபோனது.

யோசித்துப் பார். அக்கா சாதாரண ஆள் இல்லை. பெண் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவே தயங்கிய காலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-இல் பட்டம் வாங்கியவர். கண்ணெதிரே தங்கை துடிக்கிறாள். படித்த படிப்பு காப்பாற்றவில்லை. ஒரு மருத்துவருக்கு இதைவிடப் பெரிய தோல்வி உண்டா?

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? ‘எல்லாம் தலையெழுத்து’ என்று சொல்லிவிட்டு மூலையில் முடங்கியிருப்பாயா?

அவர் முடங்கவில்லை. புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார். வந்தால் சாவுதான், அதற்கெதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று நினைத்த காலம் அது. கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை!

1952-இல் அடையாறில் அடிக்கல். 1954-இல் திறப்பு. பன்னிரண்டே படுக்கை! தங்கை போய் முப்பத்தொரு வருடம் ஆகியிருந்தது. அவருக்கு வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது.

மறு வருடம் வி. சாந்தா என்கிற இளம் மருத்துவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 2021 ஜனவரியில், 93-ஆவது வயதில் இறக்கும்வரை அந்த மருத்துவமனைதான் அவர் வாழ்க்கை.

ஒரு சாவு. அதிலிருந்து ஒரு மருத்துவமனை! அங்கே பிழைத்து வீடு திரும்பியவர்களை எண்ணிப் பார். அந்தத் தங்கை இல்லாமலா இவர்கள் இருக்கிறார்கள்?

இப்போது உன்னிடம் வருகிறேன்.

மார்பில் ஒரு கட்டி. ஆறு மாதமாக இருக்கிறது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ‘டெஸ்ட் எடுத்தால் ஏதாவது சொல்லிவிடுவார்கள்’ என்று பயம். சொல்லட்டுமே தாயே! சொல்லாவிட்டால் அது கரைந்து போய்விடுமா?

கருப்பைவாய், மார்பு, வாய். இங்கெல்லாம் வருகிற புற்றைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது. சாவுக்குப் பயந்து சோதனைக்குப் போகாமல் இருப்பது, திருடனுக்குப் பயந்து கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது போல இல்லையா?

என் அப்பா பாவைச் சாக்குச் சொன்னார். நீ எதைச் சொல்கிறாய்? சர்க்கரை பார்க்காமல் இருக்க என்ன சாக்கு? ரத்தக்கொதிப்பு மாத்திரையை நீயாகவே நிறுத்த என்ன சாக்கு? நெஞ்சு இறுக்கத்தை ‘வாயு’ என்று சொல்லிச் சோடா குடிக்க என்ன சாக்கு?

கட்டிக்கு நாளைக் காலை போ. நெஞ்சு வலிக்கு நாளைக் காலையும் கிடையாது. இப்போதே எழுந்து போ! கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதற்குச் சாவைக் கண்டு பயமே இல்லையாம். ‘எல்லாம் மாயை. எல்லாம் ஒரு நாள் மண்ணோடு மண். இதில் எதற்கு இந்த ஓட்டம்?’ என்று பேசும்.

உன் சோம்பலுக்குக் காவி கட்டாதே!

திருவள்ளுவர் நிலையாமைக்கென்று ஓர் அதிகாரம் எழுதினார். 34-ஆவது. அதே கைதான் 60-ஆவது அதிகாரமாக ஊக்கமுடைமையை எழுதியது. 61 மடியின்மை. 62 ஆள்வினையுடைமை. 63 இடுக்கணழியாமை. ஒன்றுக்கு நான்கு!

நிலையாமையோடு புத்தகத்தை மூடிவைத்தது யார்? வள்ளுவரா, நீயா?

எங்கள் ஊருக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இரும்பு உருக்கிய ஊர். நீலக்கல்லையும் படிகத்தையும் பட்டை தீட்டி மணி செய்த ஊர்.

அங்கே தோண்டியபோது வாழ்ந்த இடமும் கிடைத்தது, புதைத்த இடமும் கிடைத்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்! கல்லறைக்குள் பானை வைத்திருக்கிறார்கள். இரும்பு ஆயுதம் வைத்திருக்கிறார்கள். சூதுபவள மணி வைத்திருக்கிறார்கள்.

காலையில் உலைக்களத்துக்குப் போகிறான் ஒருவன். வழியில் அவன் அப்பனைப் புதைத்த கல்வட்டம் கண்ணில் படுகிறது. நினைத்துப் பார் அந்தக் காலையை! நின்றிருப்பான். கண் கலங்கியிருப்பான். அப்புறம்?

உலை மூட்டியிருப்பான். மூட்டாமல் இருந்திருந்தால் அந்த இரும்பு ஏது? அந்த மணி ஏது?

சாவை ஊருக்கு வெளியே துரத்திவிட்டு, மின்மயானச் சுவரை உயரமாகக் கட்டிவிட்டு, சாவே இல்லாதது போல நடிக்கிறோமே, நாமா தைரியசாலி? அவனா?

எங்கள் ஈரோடு மாவட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச விடு. பேசாமல் என்னால் முடியாது.

ஈரோடு கருங்கல்பாளையம். 1921 ஜூலை மாதக் கடைசி. வாசகசாலை விழாவுக்குப் பாரதி வருகிறார். சில மாதங்களுக்கு முன்புதான் திருவல்லிக்கேணிக் கோயில் யானை அவரைத் தள்ளிவிட்டிருந்தது. நலிந்த உடம்பு. கையில் காசில்லாத வாழ்க்கை.

எதைப் பற்றிப் பேசினார் தெரியுமா? ‘மனிதனுக்கு மரணமில்லை’!

ஆறே வாரம். செப்டம்பரில் அவர் இல்லை. வயது 39 நிறையவில்லை. இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்பார்கள்.

‘மரணமில்லை என்றவரே போய்விட்டாரே’ என்று சிரிக்கிறாயா? சிரித்து முடித்துவிட்டு யோசி.

பாரதியை எவ்வளவு நேசித்தாலும் அந்தத் தலைப்பை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. மனிதனுக்கு மரணம் உண்டு. என் அப்பாவைத் தூக்கிப்போனேன், எனக்குத் தெரியும். ஆனால் அந்த மேடை ஏறிய காலை நான் தொட்டுக் கும்பிடுவேன்!

யானை காலடியிலிருந்து மீண்டவர். ‘உடம்பு சரியில்லை, வர முடியாது’ என்று ஒரு கார்டு போட்டிருந்தால் யாராவது குறை சொல்லியிருப்பார்களா? ரயில் ஏறினார். பேசினார். திரும்பிப் போய் அந்த ஈரோட்டுப் பயணத்தைப் பற்றியே சுதேசமித்திரன் பத்திரிகையில் எழுதினார். மிச்சம் இருந்த ஆறு வாரத்தில் அதற்கும் நேரம் ஒதுக்கினார்!

உனக்கு எத்தனை வாரம் மிச்சம்? தெரியாதல்லவா? அவருக்கும் தெரியாது.

அதே ஈரோட்டில் 1887-இல் பிறந்தவர்தான் கணித மேதை ராமானுஜன். 1919-இல் இங்கிலாந்திலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பினார். காய்ச்சல், வலி. மருத்துவர்கள் கைவிரித்த உடம்பு.

1920 ஜனவரியில், இங்கிலாந்தில் தன்னோடு வேலை பார்த்த கணிதவியலாளர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். உடம்பைப் பற்றிய புலம்பல் என்றா நினைக்கிறாய்? கணக்கில் புது வகைச் சார்புகளைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்ற செய்தி! அதற்கப்புறம் அவருக்கு இருந்தது மூன்றரை மாதம். ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் கண்ணை மூடினார். வயது 32.

அந்தக் கடைசி ஒரு வருடத்தில் எழுதிய தாள்கள் பிற்பாடு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் கையில் அவை கிடைத்தன. 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள்!

‘அவர் மேதை. நான் சாதாரண ஆள்’ என்பாய். தெரியும். இந்த ஒரு வரியைத்தான் கேடயமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறாய்.

மேதை என்றால் காய்ச்சல் சுடாதா? மேதை என்றால் வலி வலிக்காதா? படுத்த படுக்கையில் ஒருவர் எழுதினார். உட்கார்ந்த நாற்காலியில் நீ தூங்குகிறாய். இதற்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

தோற்றுவிட்டேன் என்று முடங்கியிருக்கிறாயா? கடை மூடியாயிற்றா? வேலை போயிற்றா? மதிப்பெண் குறைந்ததா? கட்டிக்கொள்ள இருந்தவர் கைவிட்டுப் போனாரா?

எதுவும் நிலைக்காது என்று அழுகிறாயே, உன் தோல்விக்கு மட்டும் நிரந்தரப் பட்டா கொடுத்தது யார்? பதவி நிலைக்காது. பணம் நிலைக்காது. இந்த அவமானம் மட்டும் நிலைக்குமா? இதுவும் போகும்! போயே தீரும்!

இங்கே ஒன்றைக் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும். சாவை ஏற்றுக்கொள் என்கிறேன். தேடிப் போ என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்!

பரீட்சை மதிப்பெண்ணுக்காக, கடன்காரன் பேச்சுக்காக, உயிரை விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியிருக்கிறதா? இந்தத் தாளைக் கீழே வை. 104-ஐக் கூப்பிடு. 14416-ஐக் கூப்பிடு. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு. இருபத்தைந்தாயிரம் நாளில் ஒரே ஒரு நாள் இது. இந்த ஒரு நாளிடமா தோற்பாய்?

சரி, அழுகையை விடு. வேலைக்கு வா.

உயில் எழுதினாயா? பார், மறுபடியும் முகம் சுருங்குகிறது! உயில் எழுதினால் சீக்கிரம் போய்விடுவோம் என்று எந்தக் கிழவி சொன்னாள்?

ஒரு வெள்ளைத் தாள் போதும். முத்திரைத்தாள் தேவையில்லை. உன் கையெழுத்து வேண்டும். நீ கையெழுத்துப் போடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வேண்டும். சொத்துப் பெறுகிறவரையே சாட்சியாகப் போடாதே. பதிவு கட்டாயம் இல்லை, பதிந்தால் நல்லது. ஒரு மணி நேர வேலை!

அந்த ஒரு மணி நேரத்துக்குப் பயந்துதான், கூடப் பிறந்தவர்கள் கோர்ட் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள்.

வங்கிக் கணக்குக்கு நாமினி நியமித்தாயா? பத்து வருடம் யாரும் தொடாத பணத்தை வங்கி, ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்பிவிடும். உரியவர்கள் கேட்டால் திரும்பக் கிடைக்கும். அப்படி ஒரு கணக்கு இருப்பதே உன் மனைவிக்குத் தெரியாவிட்டால் அவள் எங்கே போய்க் கேட்பாள்?

கண்ணைக் கொடுப்பதாக வீட்டில் சொல்லிவைத்தாயா? இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். நீ எங்கே எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த நேரத்தில் போன் செய்யப்போவது உன் வீட்டார்தான். உறுப்பு தானத்தையும் சேர்த்துச் சொல்லிவை. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழக அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது. ஊரே எழுந்து நிற்கிற அந்த வழியனுப்புதலுக்கு நீ தகுதி இல்லாதவனா?

அண்ணனோடு பேசி எத்தனை வருடம் ஆகிறது? வரப்புத் தகராறா? கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதா?

இழவு வீட்டில் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் பேசாத தம்பி குளிர்பெட்டி மேல் விழுந்து கதறுவான். கோடித் துணி கொண்டுவந்து போடுவான். ஊர் முக்கில் ஆள் உயரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டுவான். உயிரோடு இருந்தபோது ஒரு துண்டு வாங்கிக் கொடுத்தானா? ‘சாப்பிட்டாயா அண்ணா’ என்று ஒரு வார்த்தை கேட்டானா?

இன்றைக்குக் கேள்! இந்த வரியோடு நிறுத்திவிட்டுப் போன் செய். மீதியை வந்து படிக்கலாம்.

இதை நீ துக்க வீட்டிலிருந்தே படிக்கிறாயா?

உன்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். அழு. நன்றாக அழு. ‘ஆம்பளை அழக்கூடாது’ என்று எவன் சொன்னாலும் கேட்காதே. நம் கிழவிகள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். வாசலில் பறை அதிர்ந்தது. துக்கத்தை வாய்விட்டுக் கத்தித் தீர்த்தார்கள்.

மூன்றாம் நாள் பால் தெளித்தார்கள். பதினாறாம் நாள் காரியம் செய்தார்கள். அழ நாள் கொடுத்தவர்கள், எழவும் நாள் குறித்தார்கள்.

நான் எழவில்லை. பதினாறு நாளும் திண்ணையில் சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். ‘பொங்கலுக்கு வர்றனுங்ப்பா.’ அந்தக் குரல் காதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. வேலையை ராஜினாமா செய்துவிட்டு இப்படியே கிடந்துவிடலாம் என்று தோன்றியது. அப்பாவே இல்லை, இனி எதற்கு எழ வேண்டும்?

காரியம் முடிந்த மறுநாள். விடிந்திருக்கவில்லை. தறிச் சத்தம் கேட்டது.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அப்பா என்று நினைத்தேன். எழுந்து ஓடினேன்.

குழிக்குள் காலை விட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். குண்டு பல்பு வெளிச்சத்தில் துணி தெரிந்தது. அப்பா நிறுத்திய இடம் ஒரு கோடு போல விழுந்திருந்தது. அதுவரை அவர் அடித்த ஊடை ஓர் இறுக்கம். அதற்கு மேல் அம்மாவின் கை, வேறோர் இறுக்கம்.

எனக்கு ஆத்திரம் வந்தது. “காரியம் முடிஞ்சு ஒரு நாள் ஆகலீங்ம்மா! அதுக்குள்ள தறியில உக்காந்தா ஊரு என்ன பேசும்?” என்று கத்தினேன்.

அவள் நாடாவை நிறுத்தவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

“அவரு போயிட்டாரு கண்ணு. பாவு போகலியே.”

நான் அப்படியே நின்றேன். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. உள்ளே ஊடை சுற்றிய தாரில் நூல் தீர்ந்திருந்தது. அம்மா காலிக் குச்சியை உருவி என் காலடியில் போட்டாள்.

“நின்னுக்கிட்டு என்ன பாக்கற? தார் தீந்து போச்சு. போயி ராட்டையில உக்காரு.”